கமத்தாத சிரட்டை

ஐப்பசியில் துலாமழை பிடித்துவிட்டால் ரப்பர் மரத்துக்குக் கொண்டாட்டம், பால் வெட்டுகிறவளுக்குத் திண்டாட்டம். பட்டை நனைந்திருக்கும்போது கத்தி வைத்தால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தைச் சுற்றி வழிந்து மழையோடு மண்ணுக்குப் போய்விடும். ஆகவே வெட்டு கிடையாது. வெட்டு இல்லையென்றால் கூலியும் கிடையாது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டால் மழையிலும் வெட்டலாம், குலசேகரம் பக்கத்துப் பெரிய தோட்டங்களில் கட்டியும் இருக்கிறார்கள். சத்தியபாய் வெட்டுகிற தோட்டத்து முதலாளி ஒரு வக்கீல். அவர் கட்டமாட்டார். "மரமும் கொறச்சு ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார். மரத்தின் அலுப்பைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற மனிதருக்கு, வெட்டுகிறவள் வீட்டிலும் ஓர் அடுப்பு இருக்கிறது என்பது மட்டும் தோன்றியதே இல்லை.

மழை தொடங்கும் அன்றைக்குக் கடைசியாக ஒரு வேலை உண்டு. மரங்களில் கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கிற தேங்காய்ச் சிரட்டைகளை எல்லாம் கமத்தி வைக்க வேண்டும், வாய் கீழே பார்க்கும்படி. இல்லாவிட்டால் வெள்ளம் என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற தண்ணீர் தேங்கும், இலை அழுகும், கொசு வந்து குடும்பம் நடத்தும். இதற்குத் தனிக்கூலி கிடையாது என்பதால் பலர் செய்வதில்லை. சத்தியபாய் செய்வாள். அவள் இடதுகைக்காரி. நடந்துகொண்டே இடது கையால் ஒரு சுண்டு சுண்டுவாள், சிரட்டை இடப்பக்கம் சரிந்து கமந்துகொள்ளும். கல்யாணமாகி வந்த மழைக்காலத்தில் மாமியார் பின்னால் நடந்து பழகிய வேலை. அன்றிலிருந்து ஒரு மழைக்கும் ஒரு சிரட்டையையும் அவள் வாய் திறந்து விட்டதில்லை.

இந்த ஆண்டு விட்டாள். கல் உடைத்த பள்ளமான பாறைக்கிடங்கை ஒட்டி ஒரு வரிசை முழுக்கச் சிவப்பு ரிப்பன் கட்டி, சிரட்டைகள் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றன. எல்லாம் மகள் ரெஜிலாவின் ஏற்பாடு. ரெஜிலா நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். ரப்பர் சிரட்டையில் தேங்குகிற மழைவெள்ளத்தில் என்னென்ன கொசு முட்டையிடுகிறது, எது எதைத் தின்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. மழை தொடங்கிய நாளிலிருந்து தினமும் போய், ஃபில்லரால் உறிஞ்சி, எண்ணி, கொஞ்சத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து வலை மூடிய தட்டங்களில் வளர்ப்பாள். தட்டங்கள் அடுக்களை அலமாரியில் உப்புப் பரணிக்கும் மிளகுப்பொடி டப்பாவுக்கும் நடுவே இருந்தன.

"ஊரெல்லாம் கொசுவ ஒழிக்க மருந்தடிக்கான். எனக்க வீட்ல மட்டும் கொசுவுக்குச் சோறு போட்டு வளக்கேன்" என்று சத்தியபாய் சொல்வாள். சொன்னாலும் தட்டத்து வெள்ளம் வற்றினால் ஒரு கை மழைவெள்ளம் ஊற்றிவைப்பதும் அவள்தான்.

தாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய காலமும் மகள் ஓடியாட வேண்டிய காலமும் ஒன்றாகிப் போனது இப்படித்தான்.

அந்த மழையில்தான் தபால்காரர் ரெஜிலாவுக்கு அரசாங்க வேலை உத்தரவைக் கொண்டுவந்தார். தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். திருவாரூர் பக்கம். அடுத்த வாரம் கழிந்து வருகிற திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். பரீட்சையைத் தாய் கெஞ்சியதால்தான் ரெஜிலா எழுதினாள். கவுன்சிலிங்குக்குச் சென்னை போகும்போதுகூட, "சும்மா பாத்துட்டு வாறேன்" என்றுதான் போனாள். இப்போது உத்தரவை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டு, மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

சத்தியபாய் அந்தக் காகிதத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அதில் ஒரு துளி வெள்ளமும் இல்லை, இருந்தாலும் துடைத்தாள். கண்ணில் வந்ததைத் துடைக்க மறந்துபோனாள்.

அவளுடைய கணவன் ரத்தினம் தரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தான். வளைகுடாவில், தம்மாமில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரனாக இருந்து, கால்முட்டு தேய்ந்து திரும்பி வந்தவன். வந்த நாள்முதல் வீட்டுச் சமையல் அவன் பொறுப்பு. அதில் ஒருவரும் அவனிடம் வாய் கொடுக்க முடியாது. மற்ற எல்லாக் காரியத்திலும் அவனுக்கு ஒரே பதில்தான்.

"கேட்டியளா, மோளுக்கு உத்தரவு வந்தாச்சு."

"அவ என்ன சொன்னா?"

"அவ என்னத்தச் சொல்ல. சந்தோசத்துல வாயடைச்சுப் போயிருப்பா."

"அவளுக்க இஷ்டம்போல செய்யட்டும்" என்றான் ரத்தினம், கிழங்கை வெள்ளத்தில் போட்டுக்கொண்டே.

"அவளுக்க இஷ்டமா? கால் காசுன்னாலும் கவருமெண்டு உத்தியோகம். மழ பெஞ்சாலும் வெயிலடிச்சாலும் ஒண்ணாந்தேதி சம்பளம். இதுல இஷ்டம் என்ன கெடக்கு?"

அவள் வாழ்நாளெல்லாம் ஆண்டவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான். பங்களா கேட்டாளா, கார் கேட்டாளா? மகளுக்கு மழைக்காலத்திலும் சம்பளம் வர வேண்டும். பரீட்சை அன்றைக்குப் பின்னால் நின்ற செங்கதளி வாழையைத் தொட்டு, "வேலை கெடச்சா இதுக்க குலை உமக்கு" என்று பொருத்தனையும் செய்திருந்தாள். அந்தக் குலை பழுக்கிற பருவத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. எல்லாம் ஆண்டவரே நாள் பார்த்து வைத்தது போலிருந்தது. சத்தியபாய் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமையே சபைச் செயலர் லிஜோவின் வீட்டுக்குப் போய், ஸ்தோத்திரக் காணிக்கைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. போதகரை அந்தப் பக்கத்தில் அய்யர் என்பார்கள். அய்யர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துக்கொண்டு காணிக்கைகளை வாசித்தார். கால்வலி சுகமானவர், பேரன் பிறந்தவர், வளைகுடாவுக்கு விசா வந்தவர் எல்லாரும் முடிந்து, "சகோதரி சத்தியபாய் குடும்பத்தார், தங்கள் மகள் ரெஜிலாவுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்து, அவள் வேலையில் சேரப் போகிற பெரிய நன்மைக்காக" என்று வாசித்தார். பெண்கள் பக்கத்தில் அத்தனை முக்காடும் ஒரே நேரத்தில் திரும்பியது. ரெஜிலா தாயைப் பார்த்தாள். சத்தியபாய் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் ஏலம். கோழி, சேனை, பலாக்கொட்டை, தேங்காய், ஒரு ஆட்டுக்குட்டி எல்லாம் போன பிறகு செங்கதளிக் குலையை லிஜோ தூக்கி நிறுத்தினான். "இது சாதாக் குலை இல்ல, கவருமெண்டுக் குலை. சாப்பிட்டா பிள்ளைகளுக்குப் பரீட்சையில பாசு" என்றான். பந்தல் சிரித்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் மனம் நிறைந்திருந்தால் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார், திரும்ப மேசையில் வைத்துவிடுவார், மறுபடி ஏலம் நடக்கும். சத்தியபாயின் குலை திரும்பத் திரும்ப மேசைக்கு வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு ஜாஸ்பர் எடுத்தான். அவன் முனைவர் பட்டம் வாங்கியவன். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சனி ஞாயிறுகளில் சபை மண்டபத்தில் அரசாங்கப் பரீட்சைக்குப் பாடம் நடத்துவான். ரெஜிலாவும் அவனிடம்தான் படித்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும் எழுதுவான், அவனுக்கு மட்டும் கொஞ்சத்தில் தப்பிப்போகும்.

பெண்கள் சத்தியபாயின் கையைப் பிடித்தார்கள். "இனி நீ மாப்பிள தேடாண்டாம் சத்தியா, அவன் தேடி வருவான்" என்றாள் ஒருத்தி. இத்தனை வருடம் பின்வரிசையில் உட்கார்ந்தவளுக்கு அன்று ரசவடையும் சாயாவும் உட்கார்ந்த இடத்துக்கு வந்தது. திரும்பிப் பார்த்தபோது ரெஜிலா இல்லை. மழையில் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போவது தெரிந்தது.

வீட்டுக்குள் காலை வைக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

"நான் சேருதேன்னு உன்னட்ட எப்பச் சொன்னேன்?"

"சேரமாட்டேன்னு எப்பச் சொன்ன?"

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எதுக்கு மக்ளே கேக்கணும்? பட்டினி கெடக்கவளட்ட சோறு வேணுமான்னு கேப்பாவளா?"

"நான் பட்டினி கெடக்கேன்னு யாரு சொன்னா?"

"நான் கெடந்தேன். அது போதும்."

 ரெஜிலா குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "அம்மா, இப்பம் விட்டா ஆராய்ச்சி அதோட தீந்துது. உதவித்தொகையும் நிக்கும். எனக்க கைடு மேடம் கண்டிசனா சொல்லியாச்சு."

"நிக்கட்டும். அந்தத் தொகை வந்தாத்தானே நிக்க. ஆறு மாசமா வரல்ல. நீ பஸ்ஸுக்குப் போறது மரத்துல காஞ்ச ஒட்டுப்பால நான் பெறுக்கி வித்த காசுல."

"அது உள்ளதுதான்."

"கொசுப்புழுவ எண்ணி எண்ணிக் கடைசியில உனக்கு என்னட்டி கெடைக்கும்?"

ரெஜிலா அலமாரியிலிருந்து ஒரு தட்டத்தை எடுத்துவந்து தாயின் முன்னால் வைத்தாள். உள்ளே கறுப்பு நூல் துண்டுகளைப் போலச் சிறு புழுக்கள். நடுவே ஒன்று மட்டும் தடித்து, செம்மண் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

"இது ஆனக்கொசுவுக்க புழு. பெருசானா இது மனுசரக் கடிக்காது. புழுவா இருக்கும்போ மத்த கொசுப்புழு எல்லாத்தையும் பிடிச்சுத் தின்னும். இது ஒண்ணு கெடந்தா அந்தச் சிரட்டையில வேற ஒண்ணும் மிஞ்சாது. இந்தத் தோட்டம் பூரா தேடுனேன் அம்மா. பாறைக்கிடங்கு வரிசையில மட்டுந்தான் வருது. பக்கத்து வரிசைக்கு ஏன் வரல்லன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா, இத எல்லாச் சிரட்டைக்கும் வரவைக்க முடியுமான்னு பாக்கலாம். டெங்கு கொறையலாம். கொறையாமலும் போவலாம்."

"கொறையாமலும் போவலாம்." சத்தியபாய் அந்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாள். "இதுக்காக்கும் கையில வந்த சோத்தத் தட்டிவிடச் சொல்லுத. சபை முழுக்கக் கேட்டாச்சு. ஆண்டவருக்குக் குலையும் குடுத்தாச்சு. இனி நீ போவல்லன்னா எனக்க மூஞ்சிய நான் எங்க கொண்டு வைக்கதுக்கு?"

"அது நீ ஏலம் விடதுக்கு முன்ன நெனச்சிருக்கணும்."

"எனக்க பெண்ண நான் ஏலமா விட்டேன்?"

ரத்தினம் அடுக்களையிலிருந்து அகப்பையோடு வந்தான். மரச்சீனி வெந்து மயங்கியிருந்தது, சாளைமீன் கறி கொதித்தது. "ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அவளுக்க இஷ்டம் என்னன்னு..." என்று தொடங்கினான்.

"நீங்க அந்த வார்த்தைய இன்னொருக்கச் சொன்னா கறிச்சட்டிய எடுத்து வெளிய வீசிருவேன்" என்றாள் சத்தியபாய். வீசவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

எங்கே போகிறோம் என்று அவள் நினைக்கவில்லை, கால் தோட்டத்துக்குப் போயிற்று. தினம் போகிற கால் வேறு எங்கே போகும்? பாறைக்கிடங்கு வரிசையில் சிவப்பு ரிப்பன்கள் நனைந்து மரத்தோடு ஒட்டிக் கிடந்தன. முதல் மரத்தில் நின்றாள். சிரட்டை நிறைய வெள்ளம். சவம், எல்லாம் இதனால் வந்தது என்று நினைத்தாள். இடது கை தானாக ஒரு சுண்டு சுண்டியது. வெள்ளம் காலடியில் கொட்டியது. அடுத்த மரம். அதற்கடுத்தது. வரிசை முடியும்வரை அவள் நிற்கவே இல்லை. கடைசி மரத்தின் சிரட்டையிலிருந்து அந்தச் செம்மண் நிறப் புழு ஒன்று விழுந்து சருகின்மேல் நெளிந்தது. சத்தியபாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை அதைக் கழுவிக்கொண்டு போயிற்று.  நடந்தது நடந்துபோயிற்று, இனி அவள் போய்த்தானே ஆக வேண்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் ரெஜிலா ஃபில்லரும் குப்பிகளுமாகப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். குப்பிகள் காலியாக இருந்தன. சத்தியபாய் முற்றத்தில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள், பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

"அம்மா."

"என்ன மக்ளே?"

"நான் சேருதேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலப் பஸ்ஸுக்கு டிக்கெட்டு போடச் சொல்லு."

அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. மருந்தடிக்க வருகிறவர்கள் கமத்தியிருப்பார்கள் என்று ரெஜிலா நினைத்துக்கொண்டாள் போலும் என்று சத்தியபாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நினைத்தது நடந்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் அதே துணியை மூன்றாவது தடவையும் பிழிந்தாள்.

அந்த வாரம் வீடு ஒரு கல்யாண வீடாகத்தான் இருந்திருக்க வேண்டும். சத்தியபாய் புதுச் சேலை வாங்கினாள். ரத்தினம் முறுக்கு சுட்டான், ஏத்தங்காய் சீவி உப்பேரி வறுத்து டப்பாவில் அடைத்தான். ரெஜிலா தட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்க் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் இல்லாத வெயிலில் காயவைத்தாள். அலமாரியில் இடம் கிடைத்தது. சத்தியபாய் அந்த இடத்தில் பருப்பு டப்பாவை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

ரெஜிலா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். திங்கள் உட்கார்ந்தாள், செவ்வாய் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். முகத்தில் கோபம் இருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். அப்படியும் ஒன்றும் இல்லை. வெறுமனே இருந்தாள். அந்த இருப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சத்தியபாய்க்குத் தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஜாஸ்பர் தன் தாய் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தோடு வந்தான். ரெஜிலா கடைக்குப் போயிருந்தாள்.

"எனக்க மாணவிகள்ல இவதான் மாமி பேரக் காப்பாத்துனா" என்றான். "ஏலத்துல குலைய நான் எடுத்தது எதுக்குன்னு நெனச்சிய? அது எனக்கும் உள்ள வெற்றியாக்கும்."

சத்தியபாய் கட்டன்சாயாவை அவன் முன்னால் வைத்தாள். "ஏலே ஜாஸ்பரு, நீ உள்ளதச் சொல்லணும். நான் செய்தது சரிதானா?"

"சரிதான் மாமி. இதுல என்ன சந்தேகம்? நான் பட்டம் வாங்கி எத்தன வருசமாச்சு. இன்னும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் எல்லாம் பேர்லதான். மே மாசம் சம்பளம் கிடையாது. உங்களுக்கு மழக்காலம், எனக்கு வெயில்காலம். வேற வித்தியாசமில்ல."

"அப்பம் நீ ஏம் மக்கா அத விடாமப் பிடிச்சிட்டுக் கெடக்க?"

ஜாஸ்பர் சாயாவை ஆற்றினான். "விட்டேன் மாமி. ஒரு வருசம் மருந்துக் கம்பெனியில இருந்தேன். நல்ல சம்பளம், பைக்கு, பேட்டா எல்லாம் உண்டும். அந்த வருசத்துல என்ன நடந்துதுன்னு கேட்டா எனக்கு ஒண்ணுமே ஓர்மையில்ல. ஒரு நாளுகூட. அம்மைட்ட கேட்டா, நீ ஜன்னலப் பாத்து இருந்தன்னு சொல்லுவா." அவன் எழுந்தான். "ஆனா நான் அத ரெஜிலாட்ட சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதிய. அவ போட்டும்."

அவன் போன பிறகு சத்தியபாய் ஜன்னலைப் பார்த்தாள். ரெஜிலா உட்காருகிற நாற்காலி காலியாகக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அந்த இருப்பு வேறு யாருடையதும் இல்லை, அவளுடையதுதான். மழைக்காலம் முழுக்க, தீட்டிய கத்தியைச் சாக்கில் சுற்றிக் கூரை இறப்பில் செருகிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து அவள் இருந்த இருப்பு. பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அந்தச் சும்மா இருப்பைத்தான் அவளால் பொறுக்கவே முடிந்ததில்லை. அவளுக்காவது மழை விட்டால் வேலை உண்டு. தன் பிள்ளையை வருடம் முழுக்க அந்த நாற்காலியில் உட்காரவைக்கத் தானே கூலி பேசிவிட்டோமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இரவு அவள் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போகவில்லை. மத்தியானம் ரெஜிலா பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கையில் யாரிடமும் சொல்லாமல் இறங்கினாள்.

ஊருக்குப் போகிற நேரத்தில் தாயைக் காணாமல் ரெஜிலா தேடினாள். "அம்ம எங்கப்பா?"

"தோட்டத்துக்குப் போறது கண்டேன்" என்றான் ரத்தினம். "கொடை எடுக்கல்ல. நீ போய்க் கூட்டிட்டு வா."

ரெஜிலா போனபோது சத்தியபாய் வரிசையின் பாதியில் நின்றாள். கமந்து கிடந்த சிரட்டையை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த சருகை விரலால் சுரண்டிவிட்டு, வளையத்தில் வாய் மேலே பார்க்க வைத்தாள். அதற்கு அவள் கை பழகவில்லை. கமத்துவது ஒரு சுண்டு, மல்லாக்க மலத்துவதற்கு நின்று இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"என்னம்மா செய்யுத?"

"கண்ணு தெரியல்லியா? மலத்தி வைக்கேன்." அவள் திரும்பவில்லை. "நான்தான் கமத்துனேன் மக்ளே. வேற யாருமில்ல."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத மரத்தப் பாத்தப்பளே. எல்லாச் சிரட்டையும் எடத்தோட்டு சரிஞ்சு கெடந்துது. இந்தத் தோட்டத்துல எடங்கைக்காரி நீ ஒருத்திதான்."

சத்தியபாய் கையில் இருந்த சிரட்டையோடு அப்படியே நின்றாள். "பின்ன ஏன் பிள்ள என்ன ஒரு வார்த்த ஏசல்ல?"

"எப்படி ஏச? ஒரு மழைக்கும் வேலையக் கெடுக்காதவ நீ. அந்த மழயில வந்து இதச் செய்திருக்கன்னா, உனக்கு எவ்வளவு பயமாயிருந்திருக்கணும்னு நெனச்சேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்ல வரல்ல."

"பயம் இப்பமும் உண்டும்." புடவைத் தலைப்பு நனைந்திருந்தது, அதைக் கொண்டே முகத்தைத் துடைத்தாள். "ஆனா இந்த ஒரு வாரம் நீ இருந்த இருப்ப என்னால காண முடியல்ல. அது எனக்க மழக்கால இருப்பாக்கும். அத உனக்கு வருசம் பூரா நான் வாங்கிக் குடுக்கமாட்டேன். நீ போவாண்டாம்."

ரெஜிலா உடனே சிரித்துவிடவில்லை. வரிசையைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள். "ஜாஸ்பர் அண்ணன மாதிரி ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டு. ரப்பர் நட்டு ஏழு வருசம் கழிஞ்சுதான் கத்தி வைக்கோம். அந்த ஏழு வருசமும் மரத்தட்ட யாரு கணக்கு கேக்கா? அதுவரைக்கும் எனக்கு எடங்கை உண்டும்."

"சபையில கேப்பாவ."

"கேக்கட்டும். ஊரு வாய மூட என்னட்ட மூடியில்ல. குலைய வெட்டுன வாழை மூட்டுல கன்னு நிக்கு. அது குலச்சா அதயும் கொண்டு போறேன், அன்னைக்கு நானே எழும்பி நின்னு சொல்லுதேன். பெயரு குடுத்த வாய் எனக்கதுதானே."

ரெஜிலா எதிர்முனைக்குப் போய் அங்கிருந்து மலத்திக்கொண்டு வந்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாக வந்து நடுவில் பாறைக்கிடங்கின் ஓரத்து மரத்தில் சந்தித்தார்கள். கீழே ரோட்டு வளைவில் சாயங்காலப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏட்டி, டிக்கெட்டுக் காசு திருப்பித் தருவாவளா?"

"தரமாட்டாவ அம்மா."

"கள்ளப்பயலுவ" என்றாள் சத்தியபாய்.

இப்போது ரெஜிலா சிரித்தாள். சத்தியபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. மழை வலுத்தது. வாய் திறந்த சிரட்டைகளில் மழை விழுகிற சத்தத்தை இந்தத் தோட்டத்தில் அவள் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. கடைசியாக வைத்த சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு விரல்கடை வெள்ளம் சேர்ந்திருந்தது.

"இன்னைக்கு ஒண்ணாம் நாளு" என்றாள் மகளிடம். "எண்ணத் தொடங்கு."